சோறு வேகாத புகை

மகனே யோகராஜ்,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் மகளுக்குச் சளி. மழையோடு வந்தது, மழையோடு போகும். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டாயா என்று கேட்டதற்குச் சாப்பிட்டேன் என்றாய். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு என்னமோ என்றாய். முப்பத்தைந்து வயசு ஆம்பிளை மதியம் எதைத் தின்றோம் என்று தெரியாமல் நிற்கிறான் என்றால், அவன் வயிற்றில் இருப்பது சோறு இல்லை, வேறு எதுவோ. அது என்ன என்று பிறகு நீயே சொன்னாய்.

"வெள்ளிக்கிழமை சோதனைக்கு ஆள் வர்றாங்கம்மா. பொயிலர் புத்தகத்தைப் பார்த்திட்டு என்னைத்தான் கேப்பாங்க. ஆமா, சரின்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சிடும்."

"போடாட்டி?"

"போடாட்டி என்ன, அடுத்த வருஷம் என்னை மறுபடி கூப்பிட மாட்டாங்க. வேற ஆளா இல்ல?"

"அப்ப என்ன சொல்லப்போறே?"

"ஆமான்னுதான். இதுல யாருக்கும்மா நட்டம்? சும்மா குடுக்கிறதுதானே."

அதோடு போனை உன் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. சும்மா கொடுப்பதுதானே, யாருக்கு நட்டம் என்ற அந்தப் பேச்சு முப்பது வருடத்துக்கு முன்னால் இதே காம்பராவில், இந்த லயத்து அறையில், என் வாயிலிருந்து வந்தது. உன் அப்பாவிடம் சொன்னேன். நீ அப்போது ஐந்து வயசுப் பிள்ளை, மூலையில் சிரட்டையை உருட்டிக்கொண்டிருந்தாய். நீ அதைக் கேட்டிருக்க மாட்டாய் என்றுதான் இத்தனை காலம் இருந்தேன். என் வாயில் இருந்தது கொரியா வரைக்கும் போய் உன் வாயில் உட்கார்ந்திருப்பதைக் கேட்டேன்.

அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தித் தம்பி தங்கைகளைப் பார்க்க வைத்துவிட்டார்கள். அதற்கு யோசனை சொன்ன என் பெரியப்பாவை, அவர் செத்து இருபது வருடமாகியும், நான் மன்னிக்கவில்லை. எழுத்து கோணலாக இருக்கும். ஆனால் என் ஞாபகம் கோணல் இல்லை என்று உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் கை நனைக்காமல் போனார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். எழுதி முடித்ததும் உன் பெண்டாட்டி பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவாள். அவளும் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒளித்து வைத்தது போதும்.

போன சித்திரைக்கு லீவில் வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து உன் வேலையைப் பற்றிச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? வெளியே தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. நீ வேலை செய்வது காகிதம் செய்யும் ஆலை, ஈரக் காகிதத்தைக் காயவைக்க ஆவி வேண்டும், அந்த ஆவிக்கு இரண்டு பொயிலர் இருக்கிறது, பழையது ஒன்று புதியது ஒன்று, நீ அதைப் பார்க்கிற ஆள். அதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. பிறகு அங்குள்ள அரசாங்கம் ஆலைகளுக்குப் புகைச் சீட்டுக் கொடுக்கிறது என்றாய்.

"சீட்டா? பஸ்ஸில குடுக்கிற மாதிரியா?"

"அப்படித்தான் வச்சுக்கங்க. ஒரு வருஷத்துக்கு நாடு முழுக்க இவ்வளவு புகைதான்னு ஒரு அளவு. அதைச் சீட்டாப் பிரிச்சு ஆலைகளுக்குக் குடுப்பாங்க. சீட்டுக்கு மேல புகை விட்டா வெளியில காசு குடுத்து வாங்கணும். குறைச்சு விட்டா மிச்சச் சீட்டை விக்கலாம். வருஷா வருஷம் அந்த மொத்த அளவைக் குறைச்சுக்கிட்டே வருவாங்க."

"குடுக்கிற சீட்டுக்குக் காசு வாங்குவாங்களா?"

"கொஞ்சத்துக்குத்தான். பெரும்பங்கு சும்மா."

"ஏன் சும்மா? புகை விடுறவனுக்குச் சும்மா குடுக்க அவன் என்ன மருமகனா?"

நீ சிரித்தாய். எல்லாவற்றுக்கும் காசு கேட்டால் ஆலைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு இந்தச் சட்டமில்லாத நாட்டுக்குப் போய்விடுவான், அங்கே போய் இதைவிட அதிகமாகப் புகை விடுவான், இங்கே வேலையும் போய்விடும், அதற்குத்தான் என்றாய். "சட்டமில்லாத நாடுன்னா நம்ம நாட்டுக்கா? வரட்டுமே, நீயும் நம்ம தெஹியோவிட்டையிலேயே வேலை செய்யலாமே" என்றேன். "புகையும் கூடவே வரும்மா" என்றாய். அது எனக்குப் பிடித்தது. நீ சொன்ன நியாயத்தையும் நான் தள்ளவில்லை. அந்தச் சும்மாச் சீட்டில்தான் உன் வேலை நிற்கிறது, அந்த வேலையில்தான் இந்த வீட்டுக் கூரை நிற்கிறது. நன்றி கெட்டவள் இல்லை நான்.

ஆனால் நான் இன்னொன்று கேட்டேன். எந்த ஆலைக்கு எத்தனை சீட்டு என்று எப்படிப் பிரிப்பார்கள் என்று. சில ஆலைக்கு வேறு மாதிரி, எங்கள் ஆலைக்குப் போன சில வருடப் புகையைப் பார்த்துத்தான், நிறைய விட்டவனுக்கு நிறைய என்றாய். நீ அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தாய். நான் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப காமாட்சிக்கு எட்டுக் கட்டு" என்றேன். "என்னம்மா?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

உனக்குத் தெரியாத கதை இது. முன்பெல்லாம் ரப்பர் மலையில் விழுகிற சுள்ளியையும் காய்ந்த கிளையையும் நாங்கள் பொறுக்கிக்கொள்வோம், யாரும் கேட்க மாட்டார்கள். தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்தார். கிழட்டு மரத்தைப் பிடுங்கிப் புதுக் கன்று போடத் தொடங்கினார்கள். விறகெல்லாம் லொறிக்காரனுக்கு என்று பேச்சு. மலையில் ஒரு குச்சியைத் தொட்டாலும் வேலை நிற்கும் என்று பெரட்டுக்களத்தில், காலையில் பேர் பதியும் இடத்தில் வைத்துச் சொன்னார்கள். பெண்கள் எல்லாம் சத்தம் போட்டோம். நீங்கள் விறகு தராவிட்டால் நாங்கள் ரப்பர்ப் பால் வெட்ட வரமாட்டோம் என்றோம். கடைசியில் மாதம் ஒரு டிராக்டர் விறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குச் சும்மா தருகிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு டிராக்டர், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அதை எப்படிப் பிரிப்பது? கணக்கப்பிள்ளை வந்து வீடு வீடாக வாரத்துக்கு எவ்வளவு எரிகிறது என்று பார்த்து எழுதினார். எரிக்கிறவர்களுக்கு எரிக்கிற அளவு.

உன் அப்பா எனக்குக் கொடியடுப்பு போட்டுத் தந்திருந்தார், மண்ணைக் குழைத்துத் தன் கையாலே. ஒரு தீயில் சோறும் வேகும், பக்கத்துக் கண்ணில் ரசமும் கொதிக்கும். அதனால் என் வீட்டில் விறகு குறைவாகத்தான் செலவாகும். கங்காணி பெண்டாட்டி காமாட்சி வீட்டில் விடிந்தது முதல் பொழுது அடைகிற வரைக்கும் அடுப்பு சும்மாவே எரியும்; ஊதி ஊதிப் பற்றவைக்க அவளுக்குச் சோம்பல். பங்கு போட்டபோது அவளுக்கு எட்டுக் கட்டு. எனக்கு மூன்று. சிக்கனமாக இருந்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது. தண்ணீர்க் குழாயடியில் அவள் என்னைப் பார்த்து, "உனக்கென்னடி, புருஷன் கெட்டிக்காரன், உனக்கு விறகே தேவையில்லையே" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அவள் மகன் இப்போது இரத்தினபுரியில் மாணிக்கக் கல் வியாபாரம். எதிரே வந்தாலும் நான் பேசுவதில்லை, பாவம், அவனுக்கு ஏன் என்றே தெரியாது.

அடுத்த வருடம் கணக்கப்பிள்ளை மறுபடி எழுத வரப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. இரண்டு மாதம் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சேர்த்து வைத்திருந்ததை, மழைக்கு என்று மேலே அடுக்கியதை, கோழிக்கூட்டுப் பலகையைக்கூடப் போட்டு, பானை வைக்காமல் வெறும் அடுப்பை எரித்தேன். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, மத்தியானம் வந்து ஒரு தடவை. கொடியடுப்பின் கண்ணைக் கல் வைத்து அடைத்தேன். உன் அப்பா பார்த்தார்.

"ஏன் புள்ள, என்னா வேலை பாக்குறே? நாசமா போறதுக்கா?"

"சும்மா குடுக்கிறதுதானே, யாருக்கு நட்டம்? காமாட்சிக்கு மட்டும் தலையில கொம்பா?"

அவர் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வெளியே போய்விட்டார். கணக்கப்பிள்ளை வந்தார், சாம்பலைப் பார்த்தார், எழுதினார். நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எரிந்தது நிஜம், சாம்பல் நிஜம். எனக்கு ஏழு கட்டு விழுந்தது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு காமாட்சியைத் தாண்டிப் போனேன்.

டிராக்டர் ஒன்றுதான் என்று சொன்னேனே. எனக்குக் கூடியது வேறு எங்கிருந்தோ வரவேண்டுமே, அதை நான் நினைக்கவே இல்லை. காமாட்சிக்கு ஒன்றும் குறையவில்லை, கங்காணி வீட்டில் யார் கைவைப்பார்கள்? அங்கங்கே ஒவ்வொரு கட்டாகக் குறைத்தார்கள், அதிகம் குறைந்தது அடுத்த காம்பரா பாக்கியத்துக்கு. ஐந்து கட்டு வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு. அவள் அப்போது பச்சை உடம்புக்காரி, பிள்ளை பெற்று இருபது நாள். சுடுதண்ணீர் வேண்டும், காய மருந்து காய்ச்ச வேண்டும், துணி காயப்போட வேண்டும், அடைமழை வேறு. அவள் புருஷன் மாடசாமி, இந்தத் தோட்டத்திலேயே கை சுத்தமான பால் வெட்டுக்காரன், மழையில் வெட்டு இல்லாத ஒரு மத்தியானம், தொடக்கூடாத மலைக்குப் போனான், யாரும் பார்க்காத பள்ளத்துப் பக்கம். பிடுங்கிப்போட்ட மரத்துக்கு அடியில் கிளையை இழுத்திருக்கிறான். ஈர மண், மரம் உருண்டு காலில் ஏறிவிட்டது. கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கால் இருந்தது, ஆனால் மலை ஏறுகிற கால் இல்லை அது. பிறகு சாகிற வரைக்கும் ரப்பர்த் தகட்டுக்குப் புகை போட்டுக் காயவைக்கிற கூடத்தில் கூட்டிப் பெருக்கினான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பாக்கியம் குழாயடியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "என்னா அக்கா, அடுப்பு நல்லா எரியுதா?" அவ்வளவுதான். நான் அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு விட்ட பேச்சு. முப்பது வருடம். ஒரு சுவர்தான் நடுவில், அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நீயும் உன் தங்கையும் வளர்ந்தது அந்தச் சண்டைக்குள். அவள் கெட்டவள், வாய்க்காரி, கண்ணு போடுகிறவள் என்று நான் சொல்லிச் சொல்லி நீங்கள் நம்பினீர்கள். நீ ஒரு நாள் அவள் வீட்டில் சுட்ட பலாக்கொட்டை தின்றுவிட்டு வாயெல்லாம் கரியோடு வந்தாய். உன் கன்னத்தில் என் ஐந்து விரலும் விழுந்தது. "ஏம்மா?" என்று கேட்டாய். பதில் இதுதான் தம்பி. அவள் பங்கு விறகு என் அடுப்பில் எரிய, யாரோ வீட்டுச் சுள்ளியில் சுட்ட கொட்டையை நீ தின்றுவிட்டு வந்து என் முன்னால் நின்றாய். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மாடசாமி செத்த வீட்டுக்குக்கூட நான் உள்ளே போகவில்லை. ரோட்டில் நின்றேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், போனில் நீ சொன்னதுதான். அடுத்த சில வருடத்துச் சீட்டுக்கு இந்த வருடப் புகையும் சேரும் என்பதால், பழைய பொயிலரையும் சேர்த்து எரி என்று மானேஜர் சொல்லியிருக்கிறான். காகிதம் கூடுதலாக ஓடவில்லை. ஆவியைக் கூரைக்கு மேலே திறந்து விடுகிறீர்கள். புத்தகத்தில் காகிதம் காயவைத்தது என்று எழுதி, நீ கையெழுத்துப் போடுகிறாய். "எண்ணு பொய் இல்லம்மா, எரிச்சது நிஜம்தானே" என்றாய். எனக்குத் தெரியும். என் சாம்பலும் நிஜம்தான்.

உனக்கு அந்த ஊரில் பாக்கியம் யார் என்று தெரியாது. இருக்கிறாள். மொத்த அளவு ஒன்றுதான் என்று நீதான் சொன்னாய். முன்னமே நல்ல அடுப்புப் போட்டுப் புகையைக் குறைத்த ஏதோ ஓர் ஆலை இருக்கும், அதற்குச் சீட்டுக் குறையும். அங்கே உன்னைப் போல ஒருவன் பொயிலருக்கு முன்னால் நிற்பான், அவனுக்கும் ஒரு வீடு இருக்கும். இல்லை, யாருக்கும் குறையாமல் சும்மாவே கூட்டிக் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள். அப்போது புகை கூடும், புகை கூடினால் மழை மாறும் என்கிறார்கள். இங்கே இந்த வருடம் உன் மச்சான் எத்தனை நாள் பால் வெட்டினான் என்று அவனிடமே கேள். விடியற்காலையில் மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பேர் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டை ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, மேடு சரியலாம், மழை கனத்தால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சிங்களத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். உன் மகள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். உன் பொயிலரால்தான் இந்த மழை என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த அறிவு இல்லை. ஆனால் எதையும் காயவைக்காத ஒரு தீயை நீ எரித்தாய். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் எரித்திருக்கிறேன்.

வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பாய். கூரைத் தகரம் பாதிதான் மாற்றியிருக்கிறது. உன் மகளுக்கு அவிசாவளையில் டியூஷன். உன் பெண்டாட்டி இந்தப் பக்கத்தைப் படம் எடுக்கும்போது அந்தக் காசைத்தான் எண்ணுவாள், எனக்குத் தெரியும். நான் உனக்குச் சுலபமானதைச் சொல்லவில்லை.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று காலையில் இதை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போனேன். உனக்கு அனுப்புவதற்கு முன்னால் அவள் காதில் விழவேண்டும் என்று தோன்றியது. பாக்கியம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறம் நின்றுவிட்டது.

"என்னா அக்கா, வழி தப்பி வந்துட்டீங்களா?"

"ஒரு கடுதாசி. படிக்கணும். கேக்குறியா?"

"எனக்கு எவன் கடுதாசி போட்டான் இந்த வயசுல?" என்றாள். ஆனால் பலகையை என் பக்கம் தள்ளினாள்.

உட்கார்ந்து படித்தேன். எழுத்துக் கூட்டித்தானே படிக்க முடியும், நேரமானது. காமாட்சியின் சிரிப்பு வந்த இடத்தில் அவளும் ஒரு வசவு வைத்தாள். மாடசாமி வந்த இடத்தில் முறத்தைக் கீழே வைத்தாள். நீ வாங்கிய அறை வந்த இடத்தில் "ஐயோ, சின்னப் புள்ளய" என்றாள். நான் முடித்துத் தாளை மடித்தேன். அவள் அழுவாள் என்றோ, விளக்குமாற்றை எடுப்பாள் என்றோ நினைத்தேன்.

"எனக்கு அப்பவே தெரியுமே" என்றாள். "ரெண்டு மாசம் உங்க வீட்டுல இருந்து புகை வருது, சோத்து வாசம் வரலை. புள்ளத்தாச்சிக்கு மூக்குதான் முதல்ல வேலை செய்யும். இன்னைக்கு என்னா சமையல், இன்னைக்கு என்னா சமையல்னு மோந்து மோந்து பார்ப்பேன். சோறு வேகாத புகை. அது எனக்குத் தெரியாதா?"

"ஏன் அப்ப கணக்கப்பிள்ளைகிட்ட சொல்லலை?"

"நீங்க வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

அவள் முறத்தை எடுத்து இரண்டு தடவை புடைத்தாள். பிறகு அவள் என் கையிலிருந்த தாளைக் காட்டி, "இதுல ஒண்ணு தப்பு" என்றாள். "ஏழு கட்டுன்னு எழுதியிருக்கீங்க. ஏழு இல்ல. எட்டு. உங்க வாசல்ல இறக்கும்போது புள்ளய மடியில வச்சுக்கிட்டு நான் எண்ணினேன். காமாட்சிக்கு எத்தனையோ அத்தனை."

மகனே, உலகத்தில் யார் எதை மறந்தாலும் நான் மறக்க மாட்டேன் என்று அறுபத்தெட்டு வருடம் பேசிக்கொண்டு திரிந்தவள் நான். அவள் சொன்னதும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. எட்டு. எட்டாவது கட்டைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன், யார் கண்ணிலும் படக்கூடாது என்று. பிறகு எனக்கே படாமல் போய்விட்டது.

மேலே ஏழு என்று எழுதியதை நான் அடிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார், பக்கத்தில் சின்னதாக எட்டு என்று எழுதி, பாக்கியம் சொன்னது என்று போட்டிருக்கிறேன். உன் புத்தகத்தையும் கிழிக்காதே, அழிக்காதே. நீ எழுதியது இருக்கட்டும். வெறும் ஆவி விட்ட நாளுக்கெல்லாம் பக்கத்தில் வெறும் ஆவி என்று எழுது, அவர்கள் பாஷையில், அதே கையெழுத்தில். வெள்ளிக்கிழமை அந்த ஆள் கேட்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டு. இன்று புதன். இரண்டு நாள் இருக்கிறது. நான் முப்பது வருடம் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என்ன ஆனாலும் போன் பண்ணு. திருப்பி அனுப்பினால் வா. தெஹியோவிட்டைச் சந்தியில் வந்து நிற்கிறேன்.

பாக்கியம் பக்கத்தில்தான் இருக்கிறாள். பலாக்கொட்டை உனக்கு இன்னும் பிடிக்குமா என்று கேட்கச் சொல்கிறாள்.

உன் அம்மா